திறப்பு யார் கையில்?

மட்டக்களப்பு நகரத்து வர்த்தகர்களிடையேயும் வாவிக்கு இரு கரையிலுமுள்ள கூட்டுறவுச் சங்கங்களிலும் கொஞ்சக் காலமாக ஒரு விவாதம் அடிக்கடி காதில் விழுகிறது. கடையின் இருப்பை, ஆலையின் நெல் கொள்வனவை, சங்கத்தின் கடன் பேரேட்டைப் பதினைந்து இருபது ஆண்டுகளாக ஏதோ ஒரு பழைய கணினி நிரல் பார்த்துக்கொண்டு வருகிறது. பெரும்பாலும் அது விசுவல் பேசிக் 6 இல் எழுதப்பட்டிருக்கும். சில இடங்களில் அதற்கும் முந்திய ஃபொக்ஸ்புறோ. திரை அழகாக இல்லைத்தான், ஆனால் வேலை நடக்கிறது. இந்நிலையில் கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர் ஒருவர் மடிக்கணினியோடு வந்து, "ஐயா, இது செத்துப்போன மொழி. இதைத் தூக்கிப் போடுங்கள். உலகமே கிளவுட்டுக்குப் போய்விட்டது" என்கிறார். முதலாளிக்குக் கலக்கம் பிறக்கிறது. அவருடைய பழைய கணக்கப்பிள்ளையோ, "இருக்கிறதை ஏன் கெடுப்பான்?" என்று தலையை ஆட்டுகிறார்.

இந்த இரு தரப்பாரும் பிழையான கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது என் கருத்து. நிரலின் வயதைப் பற்றி அவர்கள் சண்டை பிடிக்கிறார்கள். நாளைக்குப் பழுதானால் அதைத் திறந்து பார்க்க இந்த ஊரில் யார் இருக்கிறார், திறப்பு யாருடைய கையில் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

பேராதனையில் தமிழும் வரலாறும் படித்தவனுக்கு நிரல்மொழிகளைப் பற்றி வாய் திறக்க என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் ஈய எழுத்துக் கோத்த காலத்தின் கடைசிப் பகுதியையும், பேஜ்மேக்கர் வந்ததையும், அது போனதையும் பத்திரிகைக் காரியாலயங்களுக்குள் இருந்து பார்த்தவன் நான். கருவி மாறும்போது எது தொலைகிறது என்பது எங்கள் தொழிலுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் இந்தச் 'செத்துப்போன மொழி' என்ற பேச்சைப் பார்ப்போம். கோபோல் மொழி 1959 இல் அமெரிக்காவில் வடிவமைக்கத் தொடங்கப்பட்டது. அதில் எழுதிய நிரல்கள் வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் இன்றும் ஓடுகின்றன. விசுவல் பேசிக் 6 வெளிவந்தது 1998 இல். அதில் நிரல் எழுதும் கருவிக்கான ஆதரவை 2008 ஏப்ரலில் மைக்ரோசொஃப்ற் நிறுத்தியது. ஃபொக்ஸ்புறோவின் கடைசிப் பதிப்பு 2004 இல் வந்தது. அடுத்த பதிப்பு இல்லை என்று 2007 இல் அறிவித்தார்கள். 2015 ஜனவரியோடு ஆதரவும் முடிந்தது. ஆக, மரணச் சான்றிதழ் உண்மையானதுதான். ஆனால் பிரேதம் எழுந்திருந்து கணக்கெழுதிக்கொண்டிருக்கிறதே! விசுவல் பேசிக் 6 இல் எழுதிய நிரல்கள் விண்டோஸ் 11 இலும் ஓடுகின்றன.

ஃபொக்ஸ்புறோவுக்குச் சாவறிவித்தல் கொடுத்த அதே 2007 இல், அதே மைக்ரோசொஃப்ற் சில்வர்லைற் என்ற புதிய கருவியை மேளதாளத்தோடு அறிமுகம் செய்தது. இனி எல்லாம் இதில்தான் என்றார்கள். அதன் ஆதரவு 2021 ஒக்டோபரில் முடிந்தது. அடோபியின் ஃபிளாஷ் அதற்கு முந்திய ஆண்டின் கடைசி நாளோடு போய்ச் சேர்ந்தது. அங்குலர் ஜேஎஸ் என்ற கருவி 2010 இல் வந்தது. 2021 முடிவோடு அதற்கும் கதவடைப்பு. அந்தக் காலத்தில் புதியதை நம்பித் தன் கணக்கு நிரலை மாற்றியவர் மறுபடியும் காசு கொடுத்து மாற்ற வேண்டியதாயிற்று. ஃபொக்ஸ்புறோவில் இருந்தவர் கதிரையை விட்டு எழும்பவேயில்லை.

இதை வாசித்துவிட்டுப் பழைய கணக்கப்பிள்ளைமார் கை தட்டிவிட வேண்டாம். பழையதின் குறைகள் சின்னக் குறைகள் அல்ல.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். முன்பு அது ஒன்பது இலக்கங்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்துமாக இருந்தது. முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது (பெண்களுக்கு அதனோடு 500 கூட்டுவார்கள்). 2016 இலிருந்து பன்னிரண்டு இலக்கங்களாக்கி, பிறந்த ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதத் தொடங்கினார்கள். 2000 இல் பிறந்த பிள்ளைகள் அடையாள அட்டை எடுக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள் அல்லவா? 1999 இல் உலகமே பதறிய இரண்டாயிரமாம் ஆண்டுச் சிக்கல் எங்கள் ஊருக்குப் பதினாறு வருடம் பிந்தி வந்தது என்று சொல்லலாம்.

பழைய நிரல்களில் அடையாள அட்டைக்கு ஒதுக்கிய இடம் பத்து எழுத்துகள். நான் அறிந்த ஒரு சங்கத்தில் புதிய அட்டைக்காரரின் இலக்கத்தில் முதல் பத்தை மட்டும் எழுதி, மீதி இரண்டைப் பேனையால் கடன் படிவத்தின் ஓரத்தில் குறித்து வைத்தார்கள். முதல் ஏழு இலக்கங்கள் பிறந்த ஆண்டும் நாளும். வரிசை எண்ணின் வாலை வெட்டிவிட்டால், ஒரே நாளில் பிறந்த இருவருக்கு ஒரே இலக்கம் விழ இடமுண்டு. ஒருத்தி அடைத்த கடன் இன்னொருத்தியின் பெயரில் வரவாகலாம். பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய்க் கடனில் கோழி வளர்ப்பவளுக்கு அது எத்தகைய இடி என்பதைக் கணினி அறியாது.

பெறுமதி சேர் வரி இன்னொரு சோதனை. 2019 டிசெம்பரில் அது 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தது. 2022 ஜூனில் 12, அதே செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. அதே ஜனவரியில் வரிக்குப் பதிவு செய்யவேண்டிய ஆண்டுப் புரள்வின் எல்லையும் 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனாக இறங்கியது. அதுவரை இந்த வரியைப் பற்றிக் கவலைப்படாதிருந்த பல கடைகள் அதற்குள் அகப்பட்டன. வரி வீதத்தை ஓர் அட்டவணையில் தனியே வைத்து எழுதிய நிரலில் இது ஒரு நிமிட வேலை. இருபது இடங்களில் நிரலுக்குள்ளேயே 15 என்று எழுதிவிட்டுப் போனவரின் நிரலில் அது பெருந்தலையிடி. கவனியுங்கள், மொழியின் வயதுக்கு இதில் பங்கே இல்லை. ஃபொக்ஸ்புறோவிலும் புத்தியாக எழுதியவர் உண்டு. ஜாவாவிலும் மூடத்தனமாக எழுதியவர் உண்டு.

பழையதைப் பராமரிக்காமல் விட்டால் வரும் கேட்டுக்கு அரசாங்கமே சாட்சி. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் மீது கப்பம் கேட்கும் வகைத் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான மடல்களுக்குக் காப்புப்பிரதி இல்லை, போனது போனதுதான். அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ற் எக்ஸ்சேஞ்சின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவு அந்த ஆண்டு ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. புதுப்பிக்கும் எண்ணம் 2021 இலிருந்தே இருந்தும், நிதித் தடையாலும் முடிவுகள் இழுபட்டதாலும் நடக்கவில்லை என்று பின்னர் விளக்கம் சொன்னார்கள். கிளவுட் என்று பெயர் சூட்டிவிட்டால் உள்ளே இருப்பது புதியதாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

நிற்க. ஆட்களின் விடயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து நிரல்களில் பலவற்றை எழுதியவர்கள் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலும் போர்நிறுத்தக் காலத்திலும் இங்கே கணினி வகுப்பு நடத்திய இளைஞர்கள். பகலில் வகுப்பு, இரவில் கடைக்காரருக்கு நிரல். கெட்டிக்காரர்கள். பிறகு அவர்கள் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் மெல்பேணுக்கும் டோஹாவுக்கும் போய்விட்டார்கள். போனவர்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கில்லை. அந்த நாட்களில் இங்கிருந்தவர்களுக்குத் தெரியும், எதற்காகப் போனார்கள் என்று. ஆனால் மூலநிரலும் அவர்களோடு போய்விட்டது.

மூலநிரல் என்பது எழுதியவர் தன் கையால் எழுதிய வரிகள். கடைக் கணினியில் ஓடுவது அதிலிருந்து சமைத்தெடுத்த சோறு. சோற்றிலிருந்து நெல்லைத் திரும்ப எடுக்க முடியாது. படுவான்கரையில் ஆலை வைத்திருக்கும் என் நண்பர் ஒருவருக்கு இது விளங்கியது, வரி மாறியபோதுதான். காசு கொடுத்து வாங்கிய நிரல் தன்னுடையது என்று அவர் பதினெட்டு வருடம் நம்பியிருந்தார். அவரிடம் இருந்தது சோறு மட்டும்.

அவருடைய நிரலுக்குள் வேறொன்றும் புதைந்து கிடந்தது. நெல்லின் ஈரப்பதனுக்கு எவ்வளவு கழிப்பது, சாக்குக்கு எவ்வளவு, விதைப்புக் காலத்தில் முற்பணம் வாங்கிய விவசாயியின் கணக்கை அறுவடையில் எப்படி நேர் செய்வது என்ற விதிகள். இவை எந்தக் கொப்பியிலும் எழுதப்படவில்லை. தகப்பனார் வாயால் சொன்னதைக் கேட்டு, அந்த இளைஞர் நிரலாக்கியிருந்தார். தகப்பனார் காலமாகிவிட்டார், இளைஞர் கனடாவில். இப்போது அந்த ஆலையின் வழக்காறுகளை அறிந்த ஒரே சாட்சி அந்த நிரல்தான். 'தூக்கிப் போடுங்கள்' என்று இலேசாகச் சொல்லும் தம்பிமார் எதைத் தூக்கிப் போடச் சொல்கிறோம் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

செல்வந்த நாடுகளும் இதே கல்லில்தான் இடறின. கனடிய மத்திய அரசு தன் ஊழியரின் சம்பளத்துக்கு வைத்திருந்த பல பத்தாண்டுப் பழைய முறைமையைக் கைவிட்டு, 2016 இல் ஃபீனிக்ஸ் என்ற புதியதை ஓடவிட்டது. ஆண்டுக்கு 70 மில்லியன் டொலர் மிச்சம் என்பது கணக்கு. அதற்கு முன்னரே, திணைக்களங்கள் தோறும் பழைய முறைமையைக் கரைத்துக் குடித்திருந்த சம்பள எழுதுவினைஞர்களை நூற்றுக்கணக்கில் அனுப்பிவிட்டு, மிராமிஷி என்ற சிற்றூரில் குறைந்த எண்ணிக்கையில் புதியவர்களை அமர்த்தியிருந்தார்கள். விளைவு? பல்லாயிரம் பேருக்குச் சம்பளம் குறைந்தது, கூடியது, சிலருக்கு வரவேயில்லை. மிச்சம் பிடிக்கப் போய், திருத்துவதற்கே ஒரு பில்லியன் டொலருக்கு மேல் போனது. விளங்கிக்கொள்ள முடியாத தோல்வி என்று 2018 இல் கணக்காய்வாளர் நாயகம் எழுதினார். விளங்காமல் போக அதில் என்ன இருக்கிறது என்பது என் ஐயம். தெரிந்தவர்களை அனுப்பினார்கள், தெரியாத நிலை வந்தது. மறுபக்கத்தில், 2020 ஏப்ரலில் நியூ ஜேர்சி மாநில ஆளுநர் கோபோல் தெரிந்தவர்கள் முன்வர வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். அங்கே நிரல் இருந்தது, ஆட்கள் இல்லை.

பிரித்தானியத் தபால்துறையின் கதை இன்னும் கொடியது. 1999 இலிருந்து அங்கே உப தபாலகங்களில் ஹொரைசன் என்ற புதிய கணினி முறைமை புகுத்தப்பட்டது. செய்தது ஃபுஜிற்சு குழுமம். கணக்கில் குறைவு காட்டியபோது, கணினி பிழை செய்யாது என்று சொல்லி உப தபாலதிபர்களைத் திருடர்களாக்கினார்கள். 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். அவர்களில் தெற்காசியப் பின்னணி கொண்ட கடைக்காரர்கள் பலர். சிறை சென்றவர் உண்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர் உண்டு. முறைமையில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசெம்பரில் நீதிமன்றம் கூறியது. தீர்ப்புகளை மொத்தமாகத் தள்ளுபடி செய்யும் சட்டம் 2024 மேயில்தான் வந்தது. அந்த மனிதர்களால் தங்கள் கணக்கைத் தாங்களே உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை. கொப்பியில் எழுதிய காலத்தில் பக்கத்தைப் புரட்டிக் காட்டியிருப்பார்கள். எங்கள் சங்கங்களில் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் ஒரு பெண் எழுதுவினைஞரின் மேசையில் நாளை கணக்கு இடித்தால், அவள் எதைப் புரட்டிக் காட்டுவாள்? இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இனி, எங்கள் தொழிலில் கண்டதைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அது பாமினியின் கதை.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யாத ஈழத்துப் பத்திரிகைக்காரர் என் தலைமுறையில் அரிது. திரையில் தமிழ் தெரியும். கணினியின் நினைவில் கிடப்பதோ ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். தமிழ்ச் சட்டையைக் கழற்றினால் உள்ளே ஆங்கிலக் குப்பை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001 இல் வந்தது. அதற்கு யுனிகோட் தெரியாது. ஆயினும் பல ஆண்டுகள் அதிலேயே பக்கம் கட்டினோம். இன்று அந்தக் கோப்புகளைத் திறக்க முடிந்தாலும் ஒரு பெயரைத் தேடி எடுக்க முடியாது. போர்க்காலத்தில் எழுதிய எத்தனையோ செய்திகள் இந்தச் சட்டைக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. தமிழ் யுனிகோட்டில் இடம்பெற்றது 1991 இல் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

வணிக நிரல்களுக்கும் இதே கதிதான். விசுவல் பேசிக் 6 இன் சாதாரணப் பெட்டிகள் யுனிகோட் தமிழைக் காட்டமாட்டா. ஆகவே உறுப்பினர் பெயரையும் ஊரையும் பாமினியில் பதிந்தார்கள். அது முடியாதவர்கள் ஆங்கிலத்தில் பதிந்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு யோகம்மா ஐந்து விதமாக எழுதப்படுகிறாள். வெள்ளம் வந்து நிவாரணப் பட்டியலோடு சங்கத்தின் பட்டியலை ஒப்பிடும்போது ஐந்தில் நான்கு விதங்களில் அவள் காணாமற்போகிறாள். தமிழில் பெயர் எழுதி, தமிழில் தேடி, தமிழில் பற்றுச்சீட்டு அடிக்க வேண்டும் என்று ஒரு சங்கம் விரும்பினால், அதற்காகவே புதிய கருவிக்குப் போகலாம் என்பேன். அழகான திரைக்காகவோ, கைத்தொலைபேசியில் வரைபடம் பார்ப்பதற்காகவோ போக வேண்டாம். இந்த ஒரு காரணம் என் மனத்துக்குப் போதுமானது.

அப்படியானால் கிளவுட்? அதையும் நாங்கள் 2022 இல் பார்த்தாயிற்று. மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. ஒரு டொலர் இருநூறு ரூபாவை அண்மித்திருந்தது போய், இரண்டு மாதங்களுக்குள் முந்நூற்று அறுபதைத் தொட்டது. டொலரில் மாதக் கட்டணம் கட்டும் கணக்கு நிரலை வைத்திருந்தவருக்கு, கடையில் ஒரு பொருளும் கூடுதலாக விற்காமலே செலவு ஏறத்தாழ இரட்டித்தது. கட்டணத்தை நிறுத்தினால் தன் கணக்கையே பார்க்க முடியாத நிலை. தன் மேசையில் பழைய நிரலை வைத்திருந்தவர் மின்சாரம் வந்த நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டார். இருந்தாலும் மேசைக் கணினி மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 2004 டிசெம்பர் 26 காலையில் கல்லடியிலும் நாவலடியிலும் கணினி, கொப்பி, அலுமாரி என்று பார்த்துக் கடல் விடவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பிரதி இருந்தே ஆகவேண்டும். பிரதிக்குக் கிளவுட் நல்லது; ஒரே மூலமும் அங்கேயே இருப்பது நல்லதல்ல.

கல்லடியைச் சொன்னதும் பாலம் நினைவுக்கு வருகிறது. 1924 இல் திறந்த லேடி மனிங் பாலம் ஒரு வாகனம் மட்டும் போகும் அகலம். மறுகரையில் வாகனம் வந்தால் இக்கரையில் காத்து நிற்பதே எங்கள் வாழ்க்கையாக இருந்தது. 2013 மார்ச்சில் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தார்கள். புதியது முடியும்வரை பழையதன் மேல்தான் ஊர் போய்வந்தது. இன்றும் பழையது அருகில் நிற்கிறது. பொறியியலாளர்களுக்கு இது சாதாரண புத்தி. கணினிக்காரர்கள் இதனைச் சமாந்தர ஓட்டம் என்பார்கள். செலவு கூட என்று முதலில் வெட்டுவதும் இதைத்தான். பிரித்தானியாவின் ரீ.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் ஐந்து மில்லியன் வாடிக்கையாளரைப் பழைய முறைமையிலிருந்து புதியதுக்குத் தூக்கி வைத்தது. திங்கட்கிழமை ஏறத்தாழ 1.9 மில்லியன் பேர் தங்கள் கணக்குக்குள் போக முடியாமல் வெளியே நின்றார்கள். 2022 டிசெம்பரில் வங்கிக்கு 48.65 மில்லியன் பவுண் தண்டம்.

ஆலை நண்பருக்கு நான் சொன்னது இதுதான். எந்த நிறுவனத்தோடு பேசினாலும் முதற்கூலி புதிய திரைக்கு வேண்டாம்; பழைய நிரலுக்குள் கிடக்கும் தரவு முழுவதையும் வேறெந்த நிரலும் வாசிக்கக்கூடிய சாதாரண அட்டவணைக் கோப்பாக வெளியே எடுத்துத் தரக் கொடுங்கள். பாமினியில் கிடப்பதை யுனிகோட்டுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அதற்கான மாற்றிகள் இலவசமாகவே உண்டு, சரிபார்ப்பதுதான் வேலை. கழிவு விதிகளை ஒரு கொப்பியில் தமிழில் எழுதுங்கள். புதியதை எழுதுபவர் மூலநிரலைக் கையில் தருவார் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பழையதும் புதியதும் ஒரு பெரும்போக அறுவடை முழுவதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். மாசியிலும் பங்குனியிலும் வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும்போது தாங்காத நிரல், மற்றைய மாதங்களில் நன்றாக ஓடி என்ன பயன்? எந்த மொழியில் எழுதுவது என்று அவர் கேட்டார். மட்டக்களப்பில் குறைந்தது மூன்று பேருக்குத் தெரிந்த மொழியில் எழுதச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு பேர் போய்விட்டாலும் ஒருவர் இருப்பார்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கத்துக்கு வரும்போது ஊர்ச் சங்கங்களுக்குப் புதிய கணினியும் மென்பொருளும் அன்பளிப்புச் செய்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் உங்களில் சிலர் இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன் இங்கே இரவிரவாக இருந்து நிரல் எழுதியவர்கள். அந்த மூலநிரல் உங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில், பழைய இறுவட்டு ஒன்றிலோ நெகிழ்வட்டிலோ இன்னும் கிடக்கக்கூடும். தேடிப் பாருங்கள். கிடைத்தால் ஒரு பிரதியை, எழுதிக் கொடுத்த கடைக்கோ சங்கத்துக்கோ அனுப்பிவையுங்கள். கடவுச்சொல் ஏதும் போட்டிருந்தால் அதையும் ஒரு தாளில் எழுதி வைத்து அனுப்புங்கள்.